நெல் மூடையில் பறக்கிற அந்து: ஒன்றா, இரண்டா?

பாலியாறு:
கிளிநொச்சிப் பக்கம் பெரும்போக நெல் மூடையைத் தட்டினா எழும்புற வைக்கோல் நிறச் சின்ன அந்து, அரிசி அந்துதான். அதின்ர அறிவியல் பெயர் கோர்சைரா. களஞ்சிய அந்து எல்லாம் பைராலிடே எண்ட ஒரே குடும்பம். நெல்லுக்கு ஒண்டு, அரிசிக்கு ஒண்டு எண்டு பிரிக்கத் தேவையில்லை.

குளக்கட்டு:
இல்லை அண்ணை. முழு நெல்லில வாறது நெல் அந்து, அறிவியல் பெயர் சைட்டோட்ரோகா சீரியலெல்லா, அது ஜெலிக்கிடே எண்ட வேற குடும்பம். உருளைக்கிழங்கு அந்துவின்ர சொந்தம். கோர்சைராவோ தேன்கூட்டு மெழுகு அந்துவின்ர சொந்தம். நிறத்தை நம்பாதேங்கோ, செதில் உதிர்ந்தா ரெண்டும் ஒரே மங்கல்.

பின்செட்டையைப் பாருங்கோ. அந்துவைச் சின்னப் போத்தலில விட்டு ஒரு இரவு உறைபெட்டியில வைச்சு, வெள்ளைத் தாளில கிடத்தி, ஊசி முனையால முன்செட்டையை விலத்தி 10 மடங்கு லென்சால பாக்கவேணும். நுனி சட்டெண்டு ஒடுங்கி விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நிண்டா சைட்டோட்ரோகா. ஓரத்து மயிர்க் குஞ்சம் செட்டையின்ர அரை அகலத்தைவிட நீளம். கோர்சைராவுக்குப் பின்செட்டை அகலம், நுனி வளைவு. கையால பிடிச்சா முதல் போறது அந்தக் குஞ்சம்தான்.

பாலியாறு:
லென்ஸ் எதுக்கு? பருமன் காணுமே. முகத்தில நீட்டின உணர்கொம்பும் இருக்கு.

குளக்கட்டு:
விரிச்ச செட்டை சைட்டோட்ரோகாவுக்கு 11 முதல் 16 மில்லிமீற்றர், கோர்சைராவுக்கு 15 முதல் 25. சின்னக் கோர்சைராவில பிழைச்சுப்போகும். நீங்கள் சொல்லுறது வாயுறுப்பு, உணர்கொம்பு இல்லை. சைட்டோட்ரோகாவில அது அரிவாள் மாதிரி தலைக்கு மேல வளையும். கோர்சைராப் பெட்டையில முன்னுக்கு நேரா நீளும், ஆணில கட்டை.

முறிகண்டி:
நெல்லே சாட்சி சொல்லும். சுளகில ஒரு கைபிடி பரப்புங்கோ. மணியில வட்ட ஓட்டை, உள்ள வெறும் கோது எண்டா சைட்டோட்ரோகா. ஒரு புழு ஒரு மணிக்குள்ளயே வளரும், வெளிய வர முதல் மெல்லிய தோல்மூடி விட்டுவைக்கும். நூல் கட்டி மணிகள் கட்டிபட்டா கோர்சைரா. அது குத்தின அரிசி, குறுணல், மாவிலதான் கூடுதலா வரும். தண்ணியில மிதக்கவிட்டுப் பாக்கிறது பிழை, பதரும் மிதக்கும்.

பாலியாறு:
எதுவெண்டாலும் மூடை வாயை இறுக்கிக் கட்டினாச் சரிதானே?

குளக்கட்டு:
அங்கதான் பிழைக்கிறது. சைட்டோட்ரோகா வயலில கதிரிலயே முட்டை போடும். கட்டினா உள்ள அடைச்சு வைச்ச மாதிரி. கட்ட முதல் நெல்லை வெயிலில நல்லாக் காயவையுங்கோ. கொம்பறையில, அதாவது நெல் சேமிக்கிற கூட்டில, குவியலின்ர மேல் 30 சென்றிமீற்றரைக் கிளறிப் பாருங்கோ, அந்து ஆழத்துக்குப் போகாது. மணத்தால அந்துவை இழுக்கிற கவர்ச்சிப் பொறியும் வேற வேற. ஒண்டின்ர மணத்துக்கு மற்றது வராது.

பாலியாறு:
பின்செட்டை விசயம் ஏற்கிறன். ஆனா தவிட்டுக்கும் குறுணலுக்கும் பக்கத்தில அடுக்கின மூடையில ரெண்டும் கலந்து நிக்கும். ஒரு அந்துவை விரிச்சுப் பாத்து முடிவு சொல்லேலாது, குறைஞ்சது பத்து அந்துவை விரிக்கவேணும்.