8 மாசப் பிள்ளைக்கு கற்பூரவள்ளிச் சாறு குடுக்கலாமோ?

உப்புவெளி அம்மா: ரெண்டு நாளா மகனுக்கு தடிமன், மூக்கடைப்பு, மழை வேற விடுதில்லை. மாமி கற்பூரவள்ளி இலைய தணல்ல வாட்டிப் பிழிஞ்சு தேன் கலந்து ஒரு கரண்டி குடு எண்டு நிக்கிறா, எனக்கெண்டா பயமாக் கிடக்கு. காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறான்.

நிலாவெளி அக்கா: தங்கச்சி, தேன் மட்டும் வேண்டாம்! ஒரு வயசு ஆகும் வரைக்கும் ஒரு சொட்டும் நாக்கில வைக்காதயும், பொட்டுலிசம் எண்டு ஒரு வருத்தம் வரலாம், காய்ச்சினாலும் அந்தக் கிருமின்ர வித்து சாகாது. என்ர மூத்தவளுக்கு அம்மம்மா மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சு கற்கண்டு போட்டுத் தருவா, அது ரெண்டு வயசுக்குப் பிறகு. சட்டி கொதிக்க வீடே மணக்கும், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள் 😄

கன்னியா பக்கம்: இவ்வளவு சின்னனுக்கு சாறே வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி குடுங்கோ, மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு மருந்து பாமசில இருக்கு. கற்பூரம் போட்ட எண்ணெய் நெஞ்சில பூசச் சொல்லி ஆரும் வந்தாலும் விடாதீங்கோ, சின்னப் பிள்ளையளுக்கு வலிப்பு வரப் பாக்கும்.
மூச்சை ஒரு முழு நிமிசம் எண்ணிப் பாருங்கோ, 50 அல்லது அதுக்கு மேல, இல்லாட்டி நெஞ்சு உள்வாங்குது, இல்லாட்டி பால் மறுக்கிறான் எண்டா உடன ஆஸ்பத்திரி.

உப்புவெளி அம்மா: இப்ப நித்திரையில எண்ணினன், 38. மாமிக்கு தேன் கதையச் சொன்னன், முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு இருக்கிறா, அந்தச் சாறை அவவே குடிச்சிட்டா.