ரிமோட் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கு எந்த மீடியா சர்வர்?

கேள்வி:
4 டிபி ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களும் கல்யாண வீடியோக்களும் இருக்கின்றன. ஹாலில் பழைய சாம்சங் ஸ்மார்ட் டிவி. அம்மா, அப்பா ரிமோட்டைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். கரண்ட் அடிக்கடி போகும். படங்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் மென்பொருளில் பிளெக்ஸா, ஜெல்லிஃபினா? எந்த மெஷின் வாங்கலாம்?

பதில் 1:
ஜெல்லிஃபின். பிளெக்ஸின் முகப்பில் அந்த நிறுவனமே விளம்பரத்தோடு தரும் இலவசப் படங்களும் கலந்து வரும். பெரியவர்கள் நம் படம் எது, பிளெக்ஸ் படம் எது என்று தெரியாமல் திணறுவார்கள். வெளியூரிலிருந்து பார்க்க 2025 ஏப்ரல் முதல் சந்தாவும் வேண்டும். ஜெல்லிஃபினில் நீங்கள் போட்டது மட்டும்தான் தெரியும்.

மெஷினுக்கு இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி, 8 ஜிபி ரேம் போதும். ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினி வேண்டாம், வீடியோவை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் என்கோடர் ஹார்ட்வேரே அதில் கிடையாது. நிறுவியதும் டாஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குப் போய், இன்டெல் சிப்பின் வீடியோ மாற்றும் வசதியான குயிக் சிங்க்கை நீங்களே ஆன் செய்யுங்கள், தானாக ஆன் ஆகாது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும் டாக்கரில் போட்டால், ஜிபியூவை (கிராஃபிக்ஸ் சிப்) அந்தக் கன்டெய்னருக்குக் காட்டவும் வேண்டும்.

கல்யாண வீடியோக்களை 'ஹோம் வீடியோ' வகை லைப்ரரியில் தனியாகப் போடுங்கள். சினிமா லைப்ரரியில் போட்டால் ஏதோ வெளிநாட்டுப் படத்தின் போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளும். சினிமா ஃபோல்டர்களுக்குப் பெயரோடு அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டும் இருக்கட்டும்.

பதில் 2:
'படம் சுத்திக்கிட்டே இருக்கு' என்று வீட்டில் சொன்னால் முதலில் சப்டைட்டிலைப் பாருங்கள். ப்ளூ-ரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தல்ல, படம். பல டிவி ஆப்கள் அதைக் காட்டாததால் சர்வர் முழு வீடியோவையும் மறுபடி என்கோட் செய்து அதன்மேல் பதிக்கிறது. அதே வசனத்தை எஸ்ஆர்டி என்ற எழுத்து ஃபைலாக வைத்தால் டிவியே காட்டிவிடும், சர்வருக்கு வேலையே இல்லை. சர்வர் பதிக்கும் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் அங்கே தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள்.

பதில் 3:
கரண்ட் விஷயத்தை யாரும் தொடவில்லை, ஆனால் அதில்தான் பாதி வீடுகளில் சர்வர் படுத்துவிடுகிறது. பயாஸில் (கணினி எழும்பும் முன் வரும் அடிப்படை செட்டிங்) 'ஏசி பவர் லாஸ்' அமைப்பை 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். கரண்ட் வந்ததும் பெட்டி தானே எழும்பும். 3.5 அங்குல டிஸ்க் என்றால் அதன் அடாப்டரும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், பெட்டி மட்டும் போதாது. ரவுட்டரில் சர்வருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழும்போது முகவரி மாறி, டிவியில் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று நிற்கும்.

பெரியவர்களுக்குத் தனி யூசர் போடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம். டிவியில் பாஸ்வேர்டு தட்டவும் தேவையில்லை. ஜெல்லிஃபினின் குயிக் கனெக்ட் வசதி டிவியில் காட்டும் 6 இலக்க எண்ணை, அவர்கள் யூசரில் நுழைந்த உங்கள் போனில் அடித்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பழைய டிவியில் ஆப் கிடைக்கவில்லை என்றால்?

பதில் 1:
அதோடு மல்லுக்கட்டாதீர்கள், டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகும் ஒரு கூகுள் டிவி ஸ்டிக் வாங்கிவிடுங்கள். சாம்சங் டிவி செட்டிங்கில் 'எனிநெட் பிளஸ்' என்று இருப்பதை ஆன் செய்தால், டிவி ரிமோட்டே ஸ்டிக்கையும் இயக்கும். இரண்டாவது ரிமோட்டை டிராயரில் வைத்துவிடலாம்.