'பதிப்பெண்' வேண்டாம், 'பதிப்புக்குறி' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டையும் அடையாளம் காட்டும் வேர்ஷன் நம்பருக்குத் தமிழில் 'பதிப்பெண்' போதும் என்று அண்ணா நேற்று எழுதியிருந்தார். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள 'எண்' பிள்ளைகளைப் பிழையான வழியில் கொண்டுபோகிறது.

கிளிநொச்சியில் நான் நிரலெழுதக் கற்பிக்கும் வகுப்பில் போன கிழமை நடந்தது. ஒரு மாணவி பில்டுக்கான, அதாவது நிரலைக் கட்டி ஓடத்தக்கதாக்கும் வேலைக்கான, அமைவுக் கோப்பில் பைதான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு வேண்டும் என்று எழுதினாள். கருவியோ 3.1ஐத் தேடி, இல்லை என்று நின்றுவிட்டது. அந்தக் கோப்பு யாமல் என்ற வடிவில் எழுதுவது; அதில் 3.10 தசம எண்ணாகி, கடைசிப் பூச்சியம் விழுந்துபோயிற்று. இருபுறமும் மேற்கோள்குறி போட்டதும் ஓடியது. ஆனாலும் அவளுக்குச் சமாதானமில்லை. "சேர், எண் என்றால் 3.10உம் 3.1உம் ஒன்றுதானே? 3.9 ரெண்டையும்விடப் பெரிசுதானே?" கணக்கின்படி அவள் கேட்டது முழுக்கச் சரி.

நெல்லை வைத்து விளக்கினேன். இரணைமடுக் குளத்தின் கீழ் விதைக்கிறவர்களுக்கு பி.ஜி 300 மூன்று மாத நெல், பி.ஜி 352 மூன்றரை மாத நெல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து மிச்சம் 52 என்று யாரும் சொல்வதில்லை. பதிப்பும் அப்படித்தான். நடுவிலுள்ள புள்ளி தசமப்புள்ளி அல்ல, வேலி. இந்தப்பக்கம் 3, அந்தப்பக்கம் 10. ஆகவே 3.10, 3.9க்குப் பிந்தியது.

போதாததற்கு எழுத்தும் வரும். '2.0ஆர்சி1' என்பது வெளியீட்டுக்கு முன் சோதிக்க விடும் பதிப்பு, 2.0க்கு முந்தியது, இதை எந்த எண்கணிதம் சொல்லும்? பைதான் பொதிகளை, அதாவது பகிர்வதற்காகக் கட்டிய நிரல்களை, உருவாக்கும் செட்டப்டூல்ஸ் என்ற கருவி, 2023இல் வந்த தன் 66ஆம் பதிப்பிலிருந்து பதிப்புகளைக் குறிக்கும் விதிக்கு அடங்காதவற்றை ஏற்பதே இல்லை. இன்னொரு பொடியன் தன் பொதிக்கு '1.0-கடைசி' என்று போட, பில்ட் அதிலேயே விழுந்தது. 'செல்லாத பதிப்பெண்' என்று பிழைச்செய்தியை மொழிபெயர்த்தால் அவன் 1ஐயும் 0ஐயும்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். 'செல்லாத பதிப்புக்குறி' என்றால் '-கடைசி' என்ற வாலையும் பார்ப்பான்.

அக்கா சொன்ன 'பதிப்புச்சரம்' எழுத்துத் தொடரைச் சரம் என்னும் நிரலாளருக்கு விளங்கும், மற்றவர்களுக்குச் சரம் பூச்சரம்தான். 'பதிப்புக்குறியீடு' நீளம், குறியீடு ஏற்கெனவே கோட் என்பதற்கு எடுபட்டும் விட்டது.

'குறி' என்றால் கொச்சையாகக் கேட்காதா என்று ஒருவர் தயங்கினார். வினாக்குறி, மேற்கோள்குறி என்று தினமும் சொல்கிறோமே. வன்னியில் மாட்டுக்குக் குறிசுடுவார்கள். எழுத்தோ இலக்கமோ, காட்டில் மேயும் மந்தையில் எந்த மாடு யாருடையது என்று அந்தக் குறிதான் காட்டும். யாரும் அதைக் கூட்டிக் கழிப்பதில்லை. நமக்கு வேண்டிய பொருள் அச்சொட்டாக அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சரி, திங்கட்கிழமை வகுப்புச் சொற்பட்டியலில் 'பதிப்புக்குறி' என்று சேர்க்கப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். 'பில்ட்' என்பதற்கான சொல்லைத் தனி மடலில் கதைப்போம்.