டப்பா ரோபோவும் நாடா தொங்கும் சூப்பர்மேனும்

பெரிய படங்களைக் கிண்டலடித்துச் சில்லறைக் காசில் எடுத்த படம் எதிலாவது நீங்கள் போய் மாட்டியதுண்டா? பார்த்தது, எடுத்தது, ஏமாந்தது, எதுவானாலும் சரி. மும்பையில் இருக்கும் நம் ஆட்கள் சொல்லுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

சயான் கோலிவாடாவிலிருந்து:

அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். நான் கால்பாதேவியில் துணி புரோக்கர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். மாலேகாவ் என்றால் எனக்குப் பில்லில் வரும் ஊர்ப்பெயர், அவ்வளவுதான். நாசிக் மாவட்டத்து விசைத்தறி ஊர். வெள்ளிக்கிழமை போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது, அன்றைக்குத் தறிக்கு லீவு.

2012-ல் அந்த ஊரைப் பற்றி ஒரு ஆவணப்படம் மல்டிபிளெக்ஸுக்கே வந்திருக்கிறது என்று முதலாளியின் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். ஃபைஸா அகமது கான் எடுத்த 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்'. ஷேக் நாசிர் என்று ஒருவர், ஊரில் வீடியோ பார்லர் நடத்தியவர். திருட்டுப் படம் போடுகிறார் என்று ரெய்டு வந்த பிறகு, நாமே எடுத்தால் யார் கேட்பது என்று இறங்கிவிட்டார். 2000-ல் முதல் படம், 'மாலேகாவ் கே ஷோலே'. அசல் இந்தி 'ஷோலே'யில் கொள்ளைக்காரர்கள் குதிரையில் வந்து ரயிலை மறிப்பார்கள். இவர்கள் சைக்கிளில் வந்து பஸ்ஸை மறிக்கிறார்கள். கப்பர் சிங் இங்கே ரப்பர் சிங், பசந்தி பாஸ்மதி. கேமராவை நகர்த்தும் டிராலிக்குச் சைக்கிள், தூக்கும் கிரேனுக்கு மாட்டுவண்டி.

அப்புறம்தான் சூப்பர்மேன். ஷஃபீக் என்ற தறித் தொழிலாளிதான் ஹீரோ. ஈர்க்குச்சி உடம்பு, மார்பில் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'எம்', சிவப்பு டிராயரில் நாடா வெளியே தொங்குகிறது. தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் தறிக்கூடம் வந்தது. அந்தக் கடகட சத்தம் கேட்டதும் எனக்கு வாய் மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பின்னணிச் சத்தம். எனக்கு அது ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, நாம் மெதுவாகப் பேசினால் காதில் விழாமல் "என்ன? என்ன?" என்று கேட்கும் அப்பா. நாள் முழுக்க அதற்குள் நின்றுவிட்டு வெள்ளிக்கிழமை கிடைக்கும் ஒரு நாள் லீவில் பறக்கப் போகிறான் அந்த ஆள்.

படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே வாய்ப்புற்றுநோயில் ஷஃபீக் போய்விட்டார். அது வீடு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. 2025-ல் இந்தி இயக்குநர் ரீமா காக்தி இவர்கள் கதையையே ஸ்டார்களை வைத்து எடுத்த படம் வந்தது. நல்ல படம்தான். ஆனால் அந்த நாடா அளவுக்கு எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

மாட்டுங்காவிலிருந்து:

உங்களது கனமான அனுபவம் சார். என்னுடையது வெட்டி அனுபவம். 2010-ல் அந்தேரியில் நாலு பேர் ஒரு ரூமில். ஒரு கான்பூர், ஒரு நாக்பூர், ஒரு குஜராத்தி, நான். சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன், ஆர்வக்கோளாறில் இவர்களுக்கும் போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் இருந்தது. ஒரு புண்ணியமும் இல்லை. வெண்ணிற ஆடை மூர்த்தியும் எம்.எஸ். பாஸ்கரும் மனோபாலாவும் காலேஜ் பையன்களாக வந்து நிற்கிறார்கள், நான் உருளுகிறேன். கான்பூர்க்காரன் மரியாதையாகக் கேட்கிறான்: "இவர்கள் ஏன் இன்னும் பாஸ் ஆகவில்லை?"

நிறுத்தி விளக்கினேன். எங்கள் ஊரில் நாற்பது வயது ஹீரோவும் காலேஜ்தான் போவார் என்றேன். "எங்கள் ஊரிலும்தான், அதில் என்ன ஜோக்?" என்றான். ஒரே பாட்டில் ஹீரோ கோடீஸ்வரன் ஆவதற்கு மறுபடி நிறுத்தினேன். இரண்டரை மணி நேரப் படம் நாலு மணி நேரம் ஓடியது. அசலைப் பார்க்காதவனுக்கு நக்கல் படம் போடுவது, தெரியாத ஊர்க்காரனிடம் நம் மாமாவை மாதிரி நடித்துக் காட்டுவது போலத்தான்.

ஆனால் 'ஓ மகசீயா' வந்ததும் நிலைமை மாறியது. பாட்டு முழுக்க நம் சினிமாப் பாட்டுகளில் வரும் அர்த்தமில்லாத சொற்கள் மட்டும்தானே! சப்டைட்டிலுக்கே வேலை இல்லை. நாலு பேரும் ஒரே அளவு புரியாமல் ரசித்தோம். பாடியது ஹரிஹரன், மும்பையிலேயே வளர்ந்தவர், நம்ம ஆள். அதைச் சொன்னதும் நாக்பூர்க்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரூமைக் காலி பண்ணும் வரை காலையில் பாத்ரூமிலிருந்து அந்தப் பாட்டுத்தான் வரும்.

காட்கோபரிலிருந்து:

ஏமாந்த கதை என்னுடையது. ஸ்டேஷன் வாசலில் டிவிடி விற்ற காலம். கார் ரோபோவாக மாறும் அந்தப் பெரிய படம் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வேண்டும் என்று பையன் அழுதான், வாங்கிப் போனேன். போட்டால் கார் எதுவும் மாறவே இல்லை. அட்டையை வெளிச்சத்தில் பார்த்தால் 'டிரான்ஸ்மார்ஃபர்ஸ்' என்று இருக்கிறது. தி அசைலம் என்ற அமெரிக்கக் கம்பெனி 2007-ல் விட்டது. அசல் வரும் நேரம் பார்த்து, காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் பெயரில் மலிவாக ஒன்றை எடுத்து விடுவதே அவர்கள் வழக்கம். இதைக் கிண்டல் படம் என்று சேர்க்காதீர்கள். மாலேகாவ்காரர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார், இவர்கள் என் கண்ணாடி பவரை நம்பிப் பிழைப்பு நடத்தினார்கள்.

தாராவியிலிருந்து:

அண்ணாச்சிமார்களே, நாங்கள் எடுத்தே இருக்கிறோம். 2019 பொங்கல். அதற்கு முந்தின நவம்பரில்தான் ரஜினியின் ரோபோ படம் '2.0' வந்திருந்தது. எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், பொங்கலுக்குக் கோலப்போட்டி, கயிறு இழுத்தல், இதுதான் வழக்கம். அந்த வருஷம் பத்து நிமிஷப் படம் போடுவோம் என்று பையன்கள் கிளம்பினோம். கையில் எண்ணூறு ரூபாய், ஒரு போன்.

ரோபோ உடம்புக்கு வேறெங்கும் போக வேண்டாம், 13-ஆம் காம்பவுண்ட் பக்கத்தில் இருக்கிறது. பழைய எண்ணெய் டின்னைக் கழுவி, ஒடுக்கு எடுத்து மறுபடி விற்பார்களே, அங்கே ஒரு சேட்டா ஆறு டின் ஓசியில் கொடுத்தார். தலைக்கு ஒன்று, நெஞ்சுக்கு இரண்டு, மிச்சம் கைகால். உள்ளே பாதி கழுவாத எண்ணெய். ஹீரோவாக நின்ற என் சித்தி மகன் கடலை எண்ணெய் வாடையோடுதான் உலகத்தைக் காப்பாற்றினான். அசலில் செல்போன்கள் எல்லாம் வானத்தில் பறந்து போகும். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் எங்கள் படத்தில் சாலில் இருக்கிற தண்ணீர்க் குடங்கள் காணாமல் போகின்றன, ரோபோ துப்பு துலக்குகிறது. பார்த்தவர்களுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. குடம் காணாமல் போவது எங்கள் வரிசையில் நிஜமாகவே தினம் நடக்கிற சண்டை!

பச்சைத் திரைக்கு எதிர்வீட்டு அத்தையின் பச்சைச் சேலையை மாடிக் கம்பியில் கட்டினோம். கண்ணை உறுத்துகிற ஒரே பச்சை, ஜரிகை கிடையாது. ரோபோ பறக்கிற மாதிரி ஸ்டூலில் குப்புறப் படுக்க வைத்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, சேலையைக் கேட்டு அத்தையே மேலே வந்துவிட்டார். "ஏலே, இது என் மக வளைகாப்புச் சேல!" அந்தச் சேலைக்கு எடுத்த ஜாக்கெட்டைத்தான் அன்றைக்கு அவர் போட்டிருந்தார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. ராத்திரி போனில் பச்சையை எல்லாம் அழித்துப் பின்னணியை மாற்றினால், அத்தையின் தலையும் கையும் தனித்தனியாக மிதக்கின்றன, நடுவில் ஜாக்கெட் இருந்த இடத்தில் நயாகரா விழுகிறது.

வெட்டிவிடலாம் என்றான் ஒருவன். கூடாது என்றோம். பொங்கலன்று வெள்ளை வேட்டியில் படம் ஓடியது. ரோபோவுக்குக் கிடைக்காத விசில் அத்தைக்குக் கிடைத்தது. அவர் ஒரு வாரம் எங்களிடம் பேசவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சயான் கோலிவாடாவிலிருந்து:

தம்பி, அந்த வீடியோ இருக்கிறதா? இருந்தால் அனுப்பு.

தாராவியிலிருந்து:

போன் அதே வருஷ மழையில் தண்ணீரில் போய்விட்டது அண்ணாச்சி. நெஞ்சு டின் இரண்டும் பழைய இரும்புக்குப் போயிற்று. தலை டின் மட்டும் இருக்கிறது, அம்மா அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறார். கண்ணுக்கு ஓட்டை போட்டிருந்தோம், எலி வருகிறது என்று இரண்டையும் டேப் ஒட்டி அடைத்துவிட்டார்.