குவில்ட் அடுக்குகளை வெப் வைத்து ஒட்டலாமா, நூலோடத்தான் வேணுமா?

ஊசிக்காது (தெஹிவளை)
மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் தைக்க முதல் பியூசிபிள் வெப்பால் (அயன் சூட்டில் உருகி ஒட்டுகிற பசை வலை) பிடித்து வைக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. தாராளமாகச் செய்யலாம். முழுசாக விரிக்க வேணாம், துணி அட்டை மாதிரி விறைக்கும். கடதாசி இல்லாத மெல்லிய வெப்பை 1 அங்குலச் சதுரமாக வெட்டி, பஞ்சின் மேல் 4 அங்குலத்துக்கு ஒன்று போடுங்கள். மேல்துணியை விரித்து, நடுவிலிருந்து வெளியே போய்க்கொண்டு அயனை வைத்து அழுத்துங்கள், தூக்குங்கள், அடுத்த இடம். இழுத்துத் தேய்த்தால் துணி நகர்ந்து சுருக்கத்தோடயே ஒட்டிவிடும். ஆறின பிறகு புரட்டி அடித்துணிக்கும் அதே வேலை. பின் குத்தி, அதைக் கழற்றிக் கழற்றித் தைக்கிற தொல்லை இல்லை.

நூலோட்டி
ஆறின பிறகு சுருக்கம் கண்ணில பட்டா என்ன செய்வீங்க அக்கா? தற்காலிகமா ஓடின நூலை என்றால் உருவிப்போட்டுத் திரும்ப ஓடலாம். பசை ஊசியில சுத்தும், தையல் விட்டு விட்டு விழும், நூல் அறும். கையால குவில்ட் பண்ற ஆளுக்கு அந்தச் சதுரத்துக்குள்ள ஊசி இறங்கவே இறங்காது. பொலியெஸ்டர் பஞ்சு அயன் சூட்டில அமுங்கினா திரும்ப உப்பவும் மாட்டாது.

ஊசிக்காது (தெஹிவளை)
பொலியெஸ்டருக்கு வேணாம்தான், கொட்டன் பஞ்சுக்கு மட்டும். கையால் தைக்கிறவைக்கும் நூல்தான் சரி. சுருக்கம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பச் சூடாக்கினால் பசை இளகும், அந்தச் சூட்டோடயே உரிக்கலாம். ஊசியில் சுற்றுகிறது அநேகமாகத் தடித்த வகை. அது தைக்காமல் ஒட்டுறதுக்கென்று வாறது. தைக்கக்கூடிய மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். அதுக்கும் மேல, சதுரத்தைப் புளொக்கின் (மேல்துணியில் மூட்டியிருக்கிற ஒவ்வொரு கட்டத்தின்) நடுவில் வைத்து, தையலை மூட்டுக் கோட்டில் ஓட்டினால் ஊசியும் பசையும் சந்திக்கவே சந்திக்காது.

நூலோட்டி
மூட்டுக் கோட்டில மட்டும் தைக்கிறவங்களுக்கு அது சரி. வளைவு வளைவா இடம் முழுக்க ஓட்டுறவங்களுக்கு?

புறக்கோட்டைப் பை
இடையில ஒண்டு. கெய்சர் வீதித் துணிக்கடைப் பக்கம் "ஒட்டுற துணி" எண்டு கேட்டா, கொலருக்கு வைக்கிற கன்வசைத்தான் எடுத்துத் தருவினம். அதுக்கு ஒரு பக்கம் மட்டும் பசை, குவில்டுக்குள்ள வைச்சா மற்றப் பக்கம் பிடிக்காது. வெப் எண்டுறது துணியே இல்லாத வெறும் பசை வலை, வெளிச்சத்துக்குப் பிடிச்சா சிலந்தி வலை மாதிரித் தெரியும். இன்னொண்டு, டைல் தரையில விரிச்சு அயன் வைக்காதேங்கோ. சூட்டைத் தரை இழுத்துப்போடும், பசை அரைகுறையா உருகி, மெசினுக்குக் கீழ போகேக்க கழண்டு வரும். மேசையில கொட்டன் போர்வை ஒண்டை மடிச்சுப் போட்டுச் செய்யுங்கோ. எத்தினை செக்கன் எண்டு பக்கற்றிலயே இருக்கும்.

ஊசிக்காது (தெஹிவளை)
நல்லாச் சொன்னீங்கள். பின்னுக்கும் ஒரு குறை இருக்கு: இந்தக் கடற்காற்றுக்கு மலிவுப் பின்னைக் கிழமைக்கணக்கில் துணியில் விட்டால் துருக்கறை. வெள்ளைத் துணியில் அது லேசில் போகாது.

நூலோட்டி
அதுக்குத்தான் நூல். சரி, 90க்கு 108 அங்குலக் கட்டில் குவில்டுக்கு உங்கட கணக்கில ஒரு பக்கத்துக்கே 600 சதுரம் வருது. ரெண்டு பக்கத்துக்கும் 1,200. யார் வெட்டுறது?

ஊசிக்காது (தெஹிவளை)
கட்டில் அளவுக்கு நூலோ பின்னோதான். இது 40 அங்குலத்துக்குள்: தொட்டில் குவில்ட், மேசை விரிப்பு, குஷன்.

நூலோட்டி
குஷனுக்கா? நாலு பின் குத்தினா முடிஞ்சுது அக்கா.