சக்குலண்டுக்கு மண் கலக்கிய கதைகள்: நெல்லைப் பக்கத்து நாலு ஊர்க்காரங்க அனுபவம்

பாளையங்கோட்டை:

சக்குலண்டுக்கு, அதாவது இலையிலயும் தண்டுலயும் தண்ணியைச் சேத்து வைக்கிற செடிக்கு, என்ன மண்ணுன்னு யார் கேட்டாலும் பெர்லைட், ப்யூமிஸ்னு துளை நிறைஞ்ச லேசான கல் வகையா ஒரு பட்டியல் வந்துருது. அதையெல்லாம் கூரியர்ல வரவழைச்சாத்தான் செடி வளரும்னா பாதிப் பேரு தொட்டியைக் கவுத்து வச்சிட்டுப் போயிருவாங்க. என் தட்டோடியில (மொட்டைமாடியில) அடீனியம், ஜேடு, ஹவோர்த்தியா எல்லாம் நிக்கிறது காருகுறிச்சி ஓட்டுத் துண்டுல. பானை சுடுற இடத்துல உடைஞ்சது குவிஞ்சு கிடக்கும். கேட்டா, "அள்ளிட்டுப் போங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

சாக்குல கட்டி, சுத்தியலால தட்டி, ரெண்டு தடவை சலிக்கணும். பெருசா நிக்கிறது திரும்பச் சாக்குக்குள்ள. ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையில மிச்சத்தைச் சலிச்சா தூள் கீழ இறங்கும். அந்தத் தூளைப் பாவம் பாக்காம வெளிய கொட்டிருங்க. உளுந்துக்கும் கொண்டைக்கடலைக்கும் நடுவுல உள்ள அளவுதான் நமக்கு வேணும். இது மூணு சட்டி, கழுவுன கொரகொரப்பான மணல் ஒரு சட்டி, நல்லா மக்குன எரு ஒரு சட்டி, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி. ஹவோர்த்தியாவுக்கு எருவைப் பாதியாக் குறைச்சிருவேன்.

எந்தப் பொருளுங்கிறதைவிட எந்தப் பருமன்ங்கிறதுதான் விஷயம். தூள் சேர்ந்தா பருக்கைக்கு நடுவுல உள்ள சந்து அடைஞ்சு போகும். தண்ணி வடிஞ்ச இடத்துக்குக் காத்து வரலைன்னா வேர் அழுகும். ஒரு செம்பு தண்ணி ஊத்திப் பாருங்க, மேல குளம் கட்டாம விறுவிறுன்னு இறங்கணும்.

திசையன்விளை:

அண்ணாச்சி, எங்க ஊர்ல எல்லாரும் தேரி மண்ணைத்தான், அதான் இங்கன உள்ள செம்மணல் மேட்டு மண்ணைத்தான் கை காட்டுதாங்க. "மழை பேஞ்ச சுவடே தெரியாது, இதைவிட வடியுற மண்ணு ஏது?"ன்னு கேக்குதாங்க. நானும் அதுலதான் கற்றாழையும் ஜேடும் வச்சேன். கற்றாழை ஜம்முன்னு இருக்கு, ஜேடு அடித்தண்டு கொழகொழன்னு ஆயிட்டு.

தொட்டியைத் தட்டிக் கவுத்துப் பாத்தா மேல காஞ்ச செம்மண்ணு, அடியில ரெண்டு விரக்கடைக்குச் சொதசொதன்னு ஈரம். பொறவுதான் யோசிச்சேன். தேரி மணல் காத்து அடிச்சுச் சேத்த பொடிமணல். அங்கன பனையும் கொல்லாமரமும் (முந்திரி) நிக்குதுன்னா மணல் அத்தனை ஆழத்துக்குக் கிடக்கு, தண்ணி இறங்கிட்டே போகும். நம்ம தொட்டி ஒரு சாண் உயரம். அடியில வந்து நின்ன தண்ணி பொடிமணலை விட்டு இறங்காது. இப்ப தேரி மண்ணு ஒரு பங்குன்னா செங்கல் துண்டு மூணு பங்கு போடுதேன், பிரச்சினை இல்ல. கடற்கரை மணலை மட்டும் யாரும் அள்ளிராதீங்க, உப்பு வேரைக் கருக்கிரும்.

சங்கரன்கோவில்:

கரிசலைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீக. நனைஞ்சா ஊதும், காஞ்சா வெடிக்கும், வெடிக்கையில பொடி வேரை அத்துப்புடும். வரப்புல பிரண்டையும் கள்ளியும் நிக்குதேன்னா, அது தரையில நிக்கிற செடி, தொட்டிக் கணக்கு வேற.

விக்கிரமசிங்கபுரம்:

இங்க மலையடிவாரம். ஐப்பசி, கார்த்திகையில வெயில் முகமே தெரியாது. நர்சரிச் செடி முழுக்கத் தேங்காய் நார்க்கழிவுல வருது. அதை அப்படியே வச்சா மழையில பஞ்சாக் குடிச்சுக்கிட்டு வாரக்கணக்குல காயாது. கோடையில ஒரேயடியாக் காஞ்சா அதுவே தண்ணியை உள்ள விடாது, ஓரமா வழிஞ்சு ஓடிரும். வாங்குனதும் வேரை உதறி, நாரை எடுத்துட்டு, ரெண்டு நாள் நிழல்ல ஆறப்போட்டுத்தான் நடுறேன்.

தொட்டிக்கு அடியில ஜல்லி பரப்பச் சொல்லி நர்சரியில சொன்னாங்க. அதனால ஒண்ணும் வடியலை. மேல் மண்ணு முழுசா நனைஞ்சு ததும்புற வரைக்கும் தண்ணி ஜல்லிக்குள்ள இறங்காது, ஈரம் இன்னும் மேல ஏறி வேர்கிட்ட நிக்கும், அவ்வளவுதான். ஓட்டைமேல ஒரு ஓட்டுச் சில்லு போதும். ஆத்து மணல் கிடைக்கலை, எம் சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யுற மணல்) போடலாமா?

பாளையங்கோட்டை:

போடலாம் அக்கா. ஆனா அதுல கல் மாவு நிறைய இருக்கும், அப்படியே போட்டா இறுகிரும். வாளியில போட்டு, தண்ணி தெளிஞ்சு வார வரைக்கும் அலசுங்க. உங்க ஊர் மழைக்கு எருவை இன்னும் குறைச்சு, ஓட்டுத் துண்டைக் கூட்டுங்க. எங்களுக்கு ஆனி, ஆடியில அடிக்கிற காத்துல தொட்டி ஒரே நாள்ல காஞ்சிருது, அதான் நான் முழுப் பங்கு எரு போடுறேன்.

ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்குற எக்கவேரியாவுக்கு என்ன கலவைன்னு தனியா நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. அது மெக்சிகோ மலைச் செடி. ராத்திரி குளிர்ந்தாத்தான் இலைத்துளையைத் திறந்து காத்து இழுக்கும். நம்ம வைகாசி ராத்திரியில தட்டோடித் தளமே சுடுது, இதுல மண்ணை மாத்தி என்ன ஆகப்போகுது? வளர்த்தே தீரணும்னா பச்சை வலைக்குக் கீழ, தளத்துல படாம ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. சாயந்திரம் தளத்துல தண்ணி தெளிங்க, தொட்டியில வேண்டாம்.