செய்தித் தளத்தில் 26% அந்நிய முதலீடு: சி.சி.பி.எஸ். கணக்கு தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். இணையச் செய்தி நிறுவனத்தில் அந்நிய முதலீடு 26%-ஐத் தாண்டக் கூடாது. அதற்கும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் (2019, பிரஸ் நோட் 4). செய்தியின் பிடி இங்கேயே இருக்கத்தான் இந்த வரம்பு. அதை ஒழுங்காகக் காக்கவே கேட்கிறோம்.

எங்கள் நிறுவனத்தில் உள்நாட்டவரிடம் 80,000 பங்குகள். வெளிநாட்டு நிதியம் ஒன்று 20,000 சாதாரணப் பங்கும், கட்டாயம் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு (சி.சி.பி.எஸ்.) 10,000-மும் கேட்கிறது. இன்றைக்குப் பார்த்தால் 20%தான். ஆனால் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி சி.சி.பி.எஸ். எல்லாம் சாதாரணப் பங்காக மாறிவிட்டதாக வைத்தே எண்ண வேண்டும். 1-க்கு 1 மாறினால் 30,000/1,10,000, அதாவது 27.27%, வரம்பு மீறிவிட்டது. 1-க்கு 0.8 என்றால் 25.93%. பலர் சறுக்குவது இங்கேதான்.

எங்கள் ஒப்பந்த வரைவில் நிலையான மாற்று விகிதம் இல்லை, அதைக் கணக்கிடும் சூத்திரம்தான். முன்கூட்டியே எழுதிவைத்தால் விதி அதை ஏற்கிறது. அப்படியானால் விண்ணப்பத்தில் உச்ச விகிதத்தையே காட்ட வேண்டுமா? "26%-க்கு மேல் மாறாது" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் ஏ.டி. வங்கி (அந்நியச் செலாவணியைக் கையாள அனுமதி பெற்ற வங்கி) ஏற்கிறதா? பங்கு ஒதுக்கீடு முடிந்து 30 நாளுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். (அந்நிய முதலீட்டை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும்; அப்போது திருப்பி அனுப்பினால் சரிசெய்ய வழி குறைவு.

வெளிநாடுவாழ் இந்தியர் பணத்தைத் திருப்பி எடுக்காத முறையில் போட்டால் உள்நாட்டு முதலீடாகவே எண்ணப்படும் என்பது தெரியும்; இந்த நிதியத்துக்கு அது பொருந்தாது. இப்படி அனுமதி வாங்கிய சி.ஏ., சி.எஸ். (நிறுவனச் செயலர்) நண்பர்கள் அந்த 26% ஷரத்தின் வாசகத்தைப் பகிர முடியுமா?